கொல்லையில் ஓர் ஆயத்த அறை

தறி வீட்டின் கூடத்திலேயே இருக்கும்வரை குடும்பத்தாரின் உறக்கமும் குழந்தைகளின் படிப்பும் தறியோசைக்கு நடுவிலேயே நடைபெற வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து இடம் நெருக்கடியானதும், தறியைக் கொல்லைப்புறத்தில் ஒரு தனியறைக்கு மாற்றலாம் என்னும் எண்ணம் நெசவாளருக்கு எழுவது இயற்கையே. கொத்தனாருக்காக மாதக்கணக்கில் காத்திராமல், தொழிற்சாலையில் முன்னரே செய்த சுவர்த் தகடுகளையும் கூரைத் தகடுகளையும் கொணர்ந்து சில நாட்களில் பொருத்தித் தரும் ஆயத்த அறைகள் இப்பொழுது சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. அவற்றிற்காகக் கடன் கோரும் மனுக்களும் சங்கங்களுக்கு வருகின்றன. ஆதலால் இவற்றை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதை அங்கத்தினர்கள் ஆராய்தல் நலம்.

ஆயத்தக் கட்டடம் என்பதே இழிந்தது என நான் கூறவில்லை. 1851இல் லண்டன் மாநகரில் நடைபெற்ற பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகை இவ்வகையினதே. அதை வகுத்தவர் ஜோசப் பாக்ஸ்டன் என்னும் தோட்டக் கலைஞர். ஒரே அளவாக வார்த்த இரும்புத் துண்டுகளையும் கண்ணாடிகளையும் கொண்டு சில மாதங்களிலேயே அம்மாளிகை நிறுத்தப்பட்டது. காட்சி முடிந்த பின் பிரிக்கப்பட்டு, 1854இல் வேறோர் இடத்தில் மீண்டும் எழுந்தது. பிரித்தெடுத்து மாற்றும் இவ்வசதி, வாடகை மனையில் தொழில் செய்வோருக்கு உண்மையிலேயே பெரிய நன்மையாகும்.

நிற்க. சென்ற ஆண்டு ஆய்வுக்குச் சென்றிருந்த ஓர் ஊரில், ஓர் அங்கத்தினர் தம் கொல்லையில் நிறுத்தியிருந்த அழகிய ஆயத்த அறையைக் காட்டினார். உள்ளே தறி இல்லை. நெல் மூட்டைகள் இருந்தன. காரணம் கேட்டேன். அறையின் உயரம் எட்டடி. அவருடைய தறியின்மேல் ஜக்கார்டு பெட்டி ஏற்றப்பட்டிருந்தது. அதனுடன் தறி உள்ளே நிற்கவில்லை. “விலையைக் கேட்டேன், நிறத்தைக் கேட்டேன், உயரத்தைக் கேட்க மறந்தேன் ஐயா” என்றார். தறி இன்றும் கூடத்திலேயே ஓடுகிறது. கடன் தவணையும் மாதந்தோறும் ஓடுகிறது.

அந்த ஒரு சொல்லிலிருந்தே நான் கூற விரும்புவது பிறக்கிறது. அறையைப் பார்த்துவிட்டுத் தறியை அதற்குள் நுழைக்க முயலலாகாது. தறிக்கு வேண்டியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே விற்பனையாளரின் படங்களைப் பார்த்தல் வேண்டும்.

அத்தாளில் முதலில் எழுத வேண்டியது தரை. குழித்தறி வைப்பவர், கான்கிரீட் தளம் போடுவதற்கு முன்பே மிதிக் குழியின் இடத்தையும் அளவையும் குறித்துத் தருதல் வேண்டும். தளம் இறுகிய பின் உடைப்பது வீண் செலவு. மழைநீர் குழியில் ஊறாதபடி தளம் நிலமட்டத்திற்கு மேல் உயர்ந்திருத்தலும், குழியின் பக்கங்கள் பூசப்பட்டிருத்தலும் அவசியம். இரண்டாவது உயரம், தறியின் உச்சியை அளந்து, அதற்குமேல் ஓர் ஆள் கைநீட்டிப் பழுது பார்க்கும் இடத்தையும் கூட்டிக்கொள்க. மூன்றாவது, மேலிருந்து கயிற்றில் தொங்கும் உறுப்புகளைத் தாங்கும் உத்திரம். நுரை அடைத்த கூரைத் தகடு அப்பாரத்தைத் தாங்காது; இரும்புச் சட்டத்தோடு இணைந்த தனி உத்திரத்தை முன்னரே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

நான்காவது வெளிச்சமும் காற்றும். நம் நாட்டில் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி தெற்கே சாய்ந்து செல்வதால், வடக்குச் சாளரமே கண் கூசாத சீரான ஒளியைத் தரும். காற்றோட்டம் இன்றியமையாதது. ஆனால் வறண்ட அனற்காற்று பாவின்மேல் நேரே வீசினால் இழைகள் அடிக்கடி அறும்; பருத்தி இழை சற்று ஈரம் ஏற்றிருக்கும்போதே வலுவாயிருக்கும் என்பதை நெசவாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

இனிச் சுவர்த் தகட்டைப் பார்ப்போம். ஒற்றை இரும்புத் தகடு கோடையில் அடுப்பைப் போன்றது, அதைத் தள்ளிவிடுக. இரு தகடுகளுக்கிடையே பாலியூரித்தேன் நுரை அடைத்தவை வெப்பத்தை நன்கு தடுக்கும். ஐம்பது மில்லிமீட்டர் கனமுள்ள அத்தகடு, இவ்வகையில் ஒன்பது அங்குலச் செங்கற்சுவரையும் விஞ்சும். ஆயினும் நுரையும் தெர்மோகோலும் தீப்பற்றக் கூடியவை. பஞ்சுத்தூசும் நூலும் நிறைந்த தறிக்கூடத்தில் ஒரு மின்பொறி எழுந்தால் விளைவு என்னவாகும்? இரும்பும் கண்ணாடியும் கொண்டெழுந்த பளிங்கு மாளிகையே 1936இல் தீக்கிரையாயிற்று. எரியாத கற்பஞ்சு, அதாவது ராக்வூல், அடைத்த தகடு கிடைக்குமாயின், விலை சற்று ஏறினும் அதையே கொள்க. மின்கம்பிகள் குழாய்க்குள் செல்லுதல் வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறத்தல் வேண்டும்.

இலேசான அறைக்குப் புயலே பெரும் பகை. ஐ.எஸ். 875 தரவிதியின் மூன்றாம் பகுதி, அடிப்படைக் காற்று வேகமாகக் கோவைக்கு வினாடிக்கு 39 மீட்டரும், சென்னைக்கு 50 மீட்டரும் குறிக்கிறது. கோவைக்குப் போதுமான பிணைப்பு கடற்கரையூருக்குப் போதாது என்பது இதனால் விளங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்ததோடு கூரைத் தகடுகளையும் பறக்கவிட்டதை டெல்டா விவசாயிகள் மறந்திரார். எந்த வேகத்துக்காகக் கணக்கிட்டீர்கள், தளத்தில் எத்தனை போல்ட்டுகள் இறங்கும் என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குக.

மற்றொன்று வழி. முழு அறையாக லாரியில் வருவது நெசவாளர் தெருவின் சந்தில் நுழையாது. இருவர் தூக்கிச் செல்லத்தக்க தகடுகளாக வருவதே நமக்கு ஏற்றது. விலையைச் சதுர அடிக் கணக்கில் மட்டும் ஒப்பிடுதல் ஏமாற்றம் தரும்; தளம், வண்டிக்கூலி, பொருத்துக்கூலி, மின்னிணைப்பு, வரி ஆகிய அனைத்தையும் கூட்டி, அதே அளவுள்ள செங்கல் அறைக்கு உள்ளூர்க் கொத்தனார் கூறும் தொகையோடு வைத்துப் பார்க்க வேண்டும். சில ஊர்களில் கொத்தனாரே வெல்வார்; அங்கே அவரையே அழைப்பதில் வெட்கமில்லை. விதையும் உரமும் வைக்க இவ்வறையை நாடும் விவசாய அங்கத்தினருக்கும் ஓர் எச்சரிக்கை: ஈரமேறிய இரசாயன உரம் இரும்புத் தகட்டை அரிக்கும். உர மூட்டைகளைப் பலகைமேல் அடுக்கி, சுவரிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

இத்தனையையும் ஒரு தனி நெசவாளர் கேட்டால் விற்பனையாளர் பொறுமையிழப்பார். இருபது அங்கத்தினர்களின் சார்பில் சங்கம் கேட்டால் அமர்ந்து விடை சொல்வார். ஆதலால் என் யோசனை இது: சங்கம் முதலில் ஓர் அறையை மட்டும் வாங்கி நிறுத்தி, அதில் ஒரு தறியை ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓட்டிப் பார்க்கட்டும். தறி அளவுத்தாள் இணைக்கப்படாத கடன் மனுவை நிர்வாகக் குழு திருப்பி அனுப்பட்டும். விலையில் ஒரு பங்கை, முதல் மழையில் ஒழுகாது நின்ற பின்பே கொடுப்பதென ஒப்பந்தத்தில் எழுதட்டும்.

இதனால் ஓராண்டு தாமதம் நேரும் என்று சிலர் குறை கூறலாம். உண்மைதான். ஆயினும் ஓராண்டு காத்திருப்பவர் இழப்பது ஓராண்டே. பொருந்தாத அறைக்குக் கடன்பட்டவர் அக்கடன் தீரும்வரை ஒவ்வொரு மாதமும் இழக்கிறார். தறிக்கென வாங்கிய கடனைத் தறியே உழைத்துத் தீர்த்தல் வேண்டும். அதற்குத் தறி அவ்வறையினுள் நுழைய வேண்டுமல்லவா?