கியர் வலது காலிலேயே இருக்கட்டும்

வீட்டில் ஒரு வாரமாகச் சின்ன யுத்தம். காரணம், அப்பாவின் 1971 மாடல் புல்லட். ஊர்க் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை லாரியில் ஏற்றி வெலிங்டன் தீவுக்குக் கொண்டுவந்து, மட்டாஞ்சேரி மெக்கானிக் ஒருவரிடம் ஏழு மாதம் விட்டு உயிர் கொடுத்திருக்கிறேன். (செலவைக் கேட்காதீங்க. தேய்மானம் போட்டால் வண்டியின் மதிப்பு பூஜ்யம். பி.காம். படித்தவன் செய்கிற காரியமில்லை!)

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பையன் பழகியதற்கு நேர் எதிர். "இடது பக்கம் மாத்தலாம் சாரே, அதுக்கு செட் கிடைக்கும்" என்கிறார் மெக்கானிக். "மாத்திடுங்கப்பா" என்கிறான் பையன். கூடாது என்பது என் கட்சி.

இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் பிறந்த டிசைன் இது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடிய பிறகும் திருவொற்றியூரில் வண்டி வந்துகொண்டே இருந்தது. வெள்ளைக்காரன் விட்டதை நம்ம ஊர்தான் காப்பாற்றியது.

வண்டியின் கோணங்கித்தனங்களும் அப்படியே வந்தன. அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் ஆயில் டேங்க் தனியாக, குழாய்களோடு தொங்கும். இதில் இன்ஜினுக்குப் பின்னாலேயே ஓர் அறை. கியர் மிதிக்குப் பக்கத்தில் இன்னொரு லீவர்: இரண்டு, மூன்று, நாலு, எந்தக் கியரில் இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரல். ஸ்டார்ட் செய்ய, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் நகர்த்தி, பிறகுதான் உதைக்கணும். அவசரப்பட்டால் திருப்பி உதைக்கும்.

பையன் சொல்வதிலும் நியாயம் இருக்குங்க. நானே முதல் நாள் பிரேக் என்று கியரை மிதித்து, நின்றிருந்த லாரிக்கு ஒரு முழம் பின்னால்தான் நின்றேன். ஆனால் அதற்கு மருந்து பழக்கம்தான். தினம் ஆபீஸ் போக வேண்டுமா, புது வண்டி வாங்கிக்கொள்ளட்டும். நம் வசதிக்கு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது அப்பாவின் வண்டி இல்லை. அதன் பெட்ரோல் டேங்க் மாட்டிய வேறு வண்டி.

அந்த நியூட்ரல் லீவர் அப்பாவின் செருப்பு பட்டுப் பட்டு ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. அதற்கு குரோம் பூசவும் நான் விடவில்லை.

பையன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தீவில் சாலை காலி. சாவியை அவன் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.