பிளவு உதட்டோடு நம் பார்வை நின்றுவிடலாகாது

பிளவு உதட்டுடன் பிறந்த குழந்தையை ஏந்திவரும் பெற்றோர் முதலில் கேட்பது, ‘அறுவை சிகிச்சை எப்போது?’ என்பதே. நியாயமான கேள்விதான். ஆயினும் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: ‘குழந்தைக்கு வேறு குறை ஏதேனும் உள்ளதா?’ பெற்றோர் கேட்காவிடினும், பிறந்த முதல் மாதத்திலேயே இதற்கு விடை தருவது மருத்துவர்களின் கடமை என்பது என் கருத்து.

உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவுடன் பிறக்கிறது. அவர்களுள் பலருக்கு வேறு குறை எதுவும் இராது. ஆனால் கருவுற்ற முதல் 3 மாதங்களில் உதடும் அண்ணமும் உருவாகும்போதே இதயமும் காதும் கண்ணும் உருவாகின்றன. ஆதலால் சிலருக்குக் குறைகள் சேர்ந்தே அமைகின்றன. உதடு நன்றாக இருந்து அண்ணத்தில் மட்டும் பிளவு உள்ள குழந்தைகளிடம் இவை கூடுதலாகக் காணப்படும். வெளியே தெரியாத பிளவையே நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பால் குடிக்கையில் வியர்ப்பதும் மூச்சு வாங்குவதும் உடல் நீலம் பாரிப்பதும் இதயக் குறையின் அறிகுறிகளாகலாம். எக்கோ பரிசோதனை அதனை உறுதிசெய்யும். ‘பியர் ராபின்’ என்னும் நிலையில் கீழ்த்தாடை சிறுத்து, நாக்கு பின்னே சரிந்து, மூச்சு தடைபடும். அண்ணப்பிளவு உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குச் செவிப்பறையின் பின்னே நீர் தேங்கும்; கேட்கும் திறன் குறைந்தால் பேச்சும் பின்தங்கும். கீழுதட்டில் இரு சிறு குழிகள் இருப்பின், அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் ‘வான் டெர் வூட்’ நோய்த்தொகுப்பாக இருக்கலாம். ஒவ்வொரு பேற்றிலும் அது தொடர 50 விழுக்காடு வாய்ப்புண்டு.

ஏற்கெனவே துவண்டிருக்கும் தாயிடம் இன்னொரு குறையையும் தேடிச் சொல்வானேன் என்பாருண்டு. இதயக் குறையை அறியாமல் மயக்க மருந்து கொடுப்பதே பேராபத்து. அறிந்துவிட்டால் மயக்கவியல் மருத்துவர் அதற்கேற்ப ஆயத்தமாவார்.

பனமலையிலிருந்தோ செஞ்சியிலிருந்தோ கூலியை இழந்து பேருந்தேறி வந்தவரிடம், அறுவை சிகிச்சை நாளன்று ‘இதயப் பரிசோதனை பாக்கியுள்ளது, பிறகு வாருங்கள்’ என்றால் கோபம் வராதா? அக்கோபம் நியாயமானது. அதற்காகப் பரிசோதனையைக் கைவிடலாகாது. முன்கூட்டியே செய்துவிட வேண்டும். உதட்டுக்கு 3 மாதத்திற்குப் பின்னும் அண்ணத்திற்கு ஏறத்தாழ ஓராண்டிலும் அறுவை சிகிச்சை நடைபெறுவதால் போதிய அவகாசம் உண்டு. 2013-இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசியத் திட்டம் பிளவு உதடு, பிறவி இதயக் குறை, பிறவிச் செவிட்டுத்தன்மை ஆகியவற்றை ஒரே பட்டியலில் வைத்துள்ளது. உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு வழிகாட்டுவார்.

கிரகணத்தின்போது வெளியே போனதால் வந்தது என்று தாயைப் பழிப்போர் இன்றும் உளர். அது உண்மையன்று. அப்பழிக்கு அஞ்சிக் குழந்தையை வீட்டுக்குள் மறைத்து வைத்தால், பரிசோதனைக்குரிய மாதங்கள் வீணாகிவிடும்.

அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் கேளுங்கள்: இதயம் பார்த்தாயிற்றா? காது பார்த்தாயிற்றா? கண் பார்த்தாயிற்றா? எடை போதுமா? விடைகளைக் குழந்தையின் கோப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் அதனை உடன் எடுத்துச் செல்லுங்கள்.