காங்கோ ஒரு மன்னரின் சொந்த விவகாரமா?

பிரஸ்ஸல்ஸ் அரண்மனையை ஒட்டி பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் குதிரைச் சிலை நிற்கிறது. அதை அகற்றுங்கள் என்றால் உடனே பதில் வரும்: காங்கோவில் நடந்த கொடுமைகள் மன்னரின் சொந்த விவகாரம், நாட்டுக்குப் பங்கில்லை, அவர் ரயில் பாதை போட்டார், அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான், சிலை போனால் வரலாறும் போய்விடும்.

1885 முதல் 1908 வரை காங்கோ அவருடைய தனியுடைமைதான். ஆனால் 1890இல் அவருக்குக் கடன் கொடுத்தது பெல்ஜிய நாடாளுமன்றம். அவர் படையை நடத்திய அதிகாரிகளில் பலர் பெல்ஜிய ராணுவத்திலிருந்து போனவர்கள். காங்கோ ரப்பரில் கிடைத்த பணம் வந்து இறங்கியதும் பெல்ஜியத்தில்தான். அந்தச் சிலையையே பாருங்கள். மன்னர் இறந்து 17 ஆண்டு கழித்து, 1926இல் நிறுவியது. அதற்கான செம்பையும் வெள்ளீயத்தையும் கட்டாங்கா சுரங்க நிறுவனம் காங்கோவிலிருந்து இலவசமாகக் கொடுத்தது. சிலையிலுள்ள பலகையே அதைச் சொல்கிறது. 1908க்குப் பிறகு 52 ஆண்டுகள் காங்கோவை ஆண்டது பெல்ஜிய அரசு. அந்த ஆண்டுகளை எந்த மன்னர் தலையில் கட்டுவது?

ரயில் பாதை 1898இல் முடிந்தது. படகு போக முடியாத அருவிகளைத் தாண்டித் தந்தமும் ரப்பரும் மட்டாடி துறைமுகம் சேர வேண்டும், அதற்காகப் போட்ட பாதை அது. முன்னேற்றம் மக்களுக்கு வரவில்லை; 1960இல் விடுதலை கிடைத்தபோது அத்தனை பெரிய நாட்டில் பட்டதாரிகள் 30 பேர்கூட இல்லை.

அந்தக் காலம் என்கிறார்களே, அந்தக் காலத்து மனிதர்களே கொதித்தார்கள். 1890இல் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் காங்கோ கொடுமைகளைக் கண்டித்து மன்னருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். 1904இல் அந்தக் கொடுமைகளைப் பற்றிய ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை வெளிவந்தது. வெட்டப்பட்ட தன் மகளின் கையையும் பாதத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தந்தையை அதே ஆண்டில் ஆலிஸ் சீலி ஹாரிஸ் படம் பிடித்தார். மன்னரே அமைத்த விசாரணைக் குழுவும் கொடுமைகளை உறுதிசெய்தது.

வரலாறு அழியும் என்ற வாதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. 1908இல் காங்கோ ஆட்சியின் ஆவணங்களைக் கொளுத்தச் சொன்னவர் இந்த லியோபோல்ட். 1897 கண்காட்சிக்காக பிரஸ்ஸல்ஸ் அருகிலுள்ள தெர்வூரனுக்கு 267 காங்கோ மக்களைக் கொண்டுவந்து காட்சிப்பொருளாக நிறுத்தினார்கள். ஏழு பேர் அங்கேயே இறந்தார்கள். பின்னர் அங்கே எழுந்த அருங்காட்சியகத்தின் சுவரில் காங்கோவில் இறந்த 1,508 பெல்ஜியர்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்த ஏழு பெயர்களும் அதே கூடத்துக்குள் வர, காங்கோ கலைஞர் ஃப்ரெடி சிம்பா அவற்றைச் சன்னல் கண்ணாடியில் பொறிக்க வேண்டியிருந்தது.

2020இல் பெல்ஜிய மன்னர் பிலிப் காங்கோ கொடுமைகளுக்கு வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. காலனிய காலத்தை ஆராய நாடாளுமன்றம் அமைத்த குழு, 2022 டிசம்பரில் மன்னிப்பு என்ற ஒன்றில் ஒத்துப்போக முடியாமல் கலைந்தது. சொந்த விவகாரம் என்ற சாக்கு இன்றும் அங்கே வேலை செய்கிறது.