செயலிக்கு எந்த நிரல் மொழி? வேகத்தைவிட ஆள்பலமே முக்கியம்

கைச்சேமிப்பைப் போட்டுச் செயலி தொடங்க நினைக்கும் இளம் தொழில்முனைவோர் பலர், அதை எந்த நிரல் மொழியில் எழுதுவது என்ற கேள்வியிலேயே தடுமாறுகின்றனர். எது வேகமானது என்று தேடுவதில் மாதங்கள் கரைகின்றன. இந்த வட்டாரம் நன்கறிந்த இரு நிறுவனங்களின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது.

கிராப் நிறுவனம் 2012ல் மலேசியாவில் ‘மைடெக்சி’ என்ற பெயரில் தொடங்கியது. அதன் சேவையின் பெரும்பகுதி முதலில் ரூபி மொழியின் ‘ரெயில்ஸ்’ கட்டமைப்பில் இயங்கியது. குறைந்த ஆட்களை வைத்து விரைவாகச் செயலியை உருவாக்க அது ஏற்றது. பயணங்கள் பெருகிய பின்னரே ‘கோ’ மொழிக்கு மாறும் வேலை நடந்தது. ‘கோ’வின் முதல் நிலையான பதிப்பு வெளிவந்ததே 2012 மார்ச்சில்தான். அப்போது அதில் அனுபவமுள்ளவர்களைத் தேடியிருந்தால் எளிதில் கிடைத்திருக்க மாட்டார்கள்.

ஃபேஸ்புக்கிற்கு முன்பு மலேசிய, சிங்கப்பூர் இளையர்கள் மொய்த்த ‘ஃபிரெண்ட்ஸ்டர்’ தளம், வேகத்திற்குப் பெயர்பெற்ற ஜாவாவில் எழுதப்பட்டது. இருந்தும் பக்கங்கள் திறக்க நெடுநேரம் பிடித்தது. யாருக்கு யார் நண்பர் என்பதை ஓயாமல் கணக்கிட்ட வடிவமைப்பே பெரும் சுமையானது. 2004ல் அத்தளம் பிஎச்பி மொழிக்கு மாறியது. அதே ஆண்டு, அதே பிஎச்பியில் தொடங்கிய ஃபேஸ்புக் அதை முந்தியது. 2009ல் மலேசியாவின் எம்ஓஎல் நிறுவனம் வாங்கியும் பழைய செல்வாக்கு திரும்பவில்லை.

ஆக, மொழி மட்டும் தொழிலைக் காப்பாற்றுவதில்லை. சிறு நிறுவனங்களுக்கு உண்மையான ஆபத்து வேறு. ஒப்பந்தத்தில் வந்த நிரலாளர் தமக்குப் பிடித்த அரிய மொழியில் எழுதிவிட்டு விலகினால், சிறு பழுதைக்கூடச் சரிசெய்ய ஆள் கிடைக்காது. போட்ட பணம் முடங்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் போதும். குழுவுக்குக் கைவந்த மொழி எது? எழுதியவர் விலகினால் உள்ளூரில் மாற்று ஆள் உண்டா? அவருக்கான சம்பளம் கட்டுப்படியாகுமா?

விதிவிலக்குகளும் உண்டு. செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கு ஆயத்த நிரல் தொகுப்புகள் பைத்தனில்தான் அதிகம். மற்றபடி, மொழியை மாற்றி எழுதும் செலவு வாடிக்கையாளர் பெருகிய பிறகு வருவது. அதற்கு முன்பே சேமிப்பு தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.