ஐம்பது நாள் பயிற்சி போதும் என்று யார் சொன்னது?

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதென்றாலும் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம் குடும்பக் குழுவில் மாதம் ஒரு முறையாவது "108 லேட்டாக வந்தது, வந்த பொண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று யாராவது எழுதுகிறீர்கள். அதற்குப் பத்துக் கோபப் பொம்மைகள். அந்தப் பெண் யார், என்ன படித்தாள், யாரை நம்பி வண்டியில் ஏறுகிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது. வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் மருத்துவ உதவியாளர். நர்சிங் படித்தவர்களும் வருகிறார்கள்; டி.எம்.எல்.டி., விலங்கியல், தாவரவியல் படித்தவர்களும் வருகிறார்கள். தேர்வு முடிந்ததும் வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் மூன்றும் சேர்த்து 50 நாள் பயிற்சி. பிறகு 12 மணி நேர வேலை, பகலும் இரவும் மாறி மாறி.

எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கே ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் காலம் உண்டு. பக்கத்தில் பெரிய டாக்டர் இருப்பார். அவ்வளவு ஏன், நாங்கள் டீச்சர் ட்ரெயினிங்கில் பாடம் நடத்தப் போனபோதுகூட, கடைசி பெஞ்சில் ஓர் ஆசிரியர் நோட்டுடன் உட்கார்ந்திருப்பார். நாங்கள் தப்பாகச் சொன்னால் ஒரு கழித்தல் கணக்கு கெடும், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். ஓடுகிற வண்டியில் கொடி சுற்றிக்கொண்டு குழந்தை வந்தால் மறுநாள் என்ற பேச்சே இல்லை.

"போனில் டாக்டர் இருக்கிறாரே" என்பீர்கள். இருக்கிறார், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர் சொல்வதைச் செய்யும் கை அந்தப் பிள்ளையின் கை. அது நடுங்கினால் பிடித்துக்கொள்ள வண்டிக்குள் ஆள் இல்லை.

நம் ஊர் நிலவரம் உங்களுக்கே தெரியும். பெரம்பலூரைக் கிழித்துக்கொண்டு திருச்சி - சென்னை நெடுஞ்சாலை. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை லாரிகள். அரியலூருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, மகிழ்ச்சி. பெரம்பலூரிலிருந்து திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் அந்த உயிர் ஒரு புதுப்பிள்ளையின் பொறுப்பு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்று 2021 டிசம்பரில் அரசு திட்டம் கொண்டுவந்தது. அந்தச் சிகிச்சை வரை உயிரைக் கொண்டுசேர்ப்பவருக்கு என்ன துணை வைத்திருக்கிறோம்? இங்கிலாந்தில் புதிதாகத் தேறிய பாராமெடிக்குகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் வழிகாட்டலோடு கூடிய காலம் என்று வகுத்திருக்கிறார்கள். நாம் இரண்டு மாதமாவது தரக் கூடாதா?

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: முதல் இரண்டு மாதம் புதியவர் மூன்றாவது ஆளாக, அனுபவமுள்ள உதவியாளருடன் போகட்டும். ஆள் செலவு கூடும் என்பார்கள். கூடட்டும்.

இரண்டு: நோயாளியை ஒப்படைத்ததும் அங்குள்ள டாக்டர் இரண்டு நிமிடம் ஒதுக்கி, "இது சரி, இதை இப்படிச் செய்திருக்கலாம்" என்று சொல்லட்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. திருத்தப்படாத நோட்டால் எந்தப் பிள்ளையும் தேறியதில்லை.

மூன்று: கையிலேயே ஒரு குழந்தை இறந்துபோனால், வண்டியைக் கழுவிவிட்டு உடனே அடுத்த அழைப்புக்கு ஓடு என்று சொல்லாதீர்கள். பேச ஒரு மூத்தவர் வேண்டும், கொஞ்சம் மூச்சு விட நேரம் வேண்டும்.

பொதுமக்களான நமக்கும் வேலை இருக்கிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம், அதுவும் ஒரு வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக் கையையும் வாயையும் அடக்குங்கள். செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடியுங்கள்.

என் மாணவர்களில் டாக்டர்கள் இருக்கிறீர்கள், சுகாதாரத் துறையில் இருக்கிறீர்கள், கட்சிப் பொறுப்பிலும் இருக்கிறீர்கள். லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்த மூன்றில் எதை உங்களால் செய்ய முடியும் என்று கீழே எழுதுங்கள். வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கிறேன்.