பிந்திச் சொன்ன பாங்கு



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அயல் பிள்ளைகளுக்கு வீட்டில் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். பள்ளிவாசல் தூரம். எனவே வெளியூரில் தொழில் பார்க்கும் மகன் ஒரு பழைய கணனியில் லினக்ஸ் போட்டு, ஐந்து நேரமும் தானாகப் பாங்கு ஒலிக்கும்படி செய்து கொடுத்திருக்கிறார். பத்து நாளைக்கொரு தடவை நேரங்களை மாற்றுவது உம்மாவின் பொறுப்பு.

2025ஆம் வருட ரமழான் மார்ச் மாதத்தில் வந்தது. மார்ச்சில் எமது நாட்டில் ஸுபஹ் நாளுக்கு நாள் முந்திக்கொண்டே போகும். மாதத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஏறக்குறைய கால் மணித்தியாலம் வித்தியாசம். சகோதரி 11ஆம் திகதி மாற்றினார், 21ஆம் திகதியும் மாற்றினார். கணனியோ முதலாம் திகதி நேரத்திலேயே நின்றது. ஒரு நாள் ஸஹரில் தேநீர்க் கோப்பை கையிலிருக்க, பக்கத்து ஊர்ப் பாங்கு காற்றோடு வந்தது. பிறகுதான் கலண்டரைப் பார்த்தாராம். “எங்கள் நோன்பு என்னவாகும்? நான் மாற்றியது ஏன் மாறவில்லை? இந்தப் பாங்கைக் கேட்டு ஸஹரை முடித்த அயல் வீட்டாருக்கு எப்படிச் சொல்வேன்?” என்று கேட்கிறார்.

நோன்பை முதலில் பார்ப்போம். இரவு இன்னும் இருக்கிறது என்று எண்ணிச் சாப்பிட்டு, பின்னர் பஜ்ர் உதயமாகிவிட்டிருந்தது என்று உறுதியானால், ஷாபிஈ மத்ஹபில் அந்த நோன்பு கூடாது. பாவமில்லை, கஃப்பாராவும் இல்லை. ஆனால் கழாச் செய்ய வேண்டும். பாங்குக்கு முன்பே வழக்கமாக வாயை மூடியவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. எப்போது முடித்தோம் என்று திட்டமாகத் தெரியாதவர், சந்தேகம் மட்டும் உள்ளவர், அவரும் கழாச் செய்ய வேண்டியதில்லை. இரவு நீடித்திருந்தது என்பதே அடிப்படை. ஆகவே சகோதரி மாதம் முழுவதையும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். உறுதியாகத் தெரிந்த நாட்களை மட்டும் எண்ணட்டும்.

இனிக் கணனி. இதில் நான் மௌலவி அல்ல, மாணவன். நான் கற்பிக்கும் மத்ரஸாவிலும் பாட மணியை இப்படியொரு கணனிதான் அடிக்கிறது, நானும் அகப்பட்டவன்.

நேரங்கள் எழுதியுள்ள பட்டியலைக் ‘கிரொன்டாப்’ என்பார்கள். திருத்துவதற்குத் திறக்கும்போது அசல் பட்டியல் நம் கையில் வருவதில்லை, ஒரு தற்காலிகப் பிரதிதான் வருகிறது. அதைச் சேமித்து மூடிய பிறகே கணனி அதைப் பரிசோதித்து அசலின் இடத்தில் வைக்கும். சகோதரி செய்தது என்ன? மூடும்போது பெயர் கேட்டதாம். ‘ரமழான்’ என்று புதுப்பெயர் கொடுத்தாராம். அங்கேதான் பிழை! திருத்தம் வேறொரு கோப்பாகப் போய்விட்டது, பிரதி தொடப்படாமலே கிடந்தது. ‘மாற்றம் எதுவுமில்லை’ என்று கணனி ஒரு வரி எழுதியும் இருக்கும். யார் வாசித்தார்கள்? பெயர் கேட்டால் இருக்கும் பெயரிலேயே ‘என்டர்’ அழுத்திவிட வேண்டும்.

இன்னொரு பொறி. இந்தப் பட்டியலில் நிமிடம் முதலில், மணி பிறகு. 4.52ஐ ‘4 52’ என்று எழுதினால், 52ஆம் மணி என்று ஒன்று இல்லையே, பட்டியல் முழுவதையும் கணனி ஏற்க மறுக்கும். மீண்டும் திருத்துகிறீர்களா என்று கேட்கும். இல்லை என்றால் செய்த வேலை அத்தனையும் போயிற்று. மறுத்தால் கூட நல்லது. மஃரிப் 6.15ஐ ‘18 15’ என்று எழுதிப் பாருங்கள், முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டு பிற்பகல் 3.18க்குப் பாங்கு சொல்லும்! ‘15 18’ என்பதே சரி. கடைசி வரியின் முடிவிலும் ‘என்டர்’ அழுத்தியிருக்க வேண்டும்.

மகன் தன் பெயரில் நுழைந்து போட்ட பட்டியலை உம்மா தன் பெயரில் நுழைந்து தேடினால் கிடைக்காது. ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டியல். 1996 மே மாதம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியபோது எங்கள் வீட்டில் கூடத்து மணிக்கூடு மாறியது, குசினி மணிக்கூடு மாறவில்லை. உம்மா குசினி மணிக்கூட்டையே நம்பினார்.

திருத்தி மூடியதும், ‘கிரொன்டாப்’ என்று எழுதி, இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆங்கிலச் சிறிய ‘எல்’ எழுத்தும் இட்டால் அசல் பட்டியல் திரையில் வரும். அதைப் பள்ளிவாசல் கலண்டரோடு ஒப்பிடுங்கள். நபி (ஸல்) அவர்களின் முஅத்தின் இப்னு உம்மி மக்தூம் (ரழி) கண் தெரியாதவர். விடிந்துவிட்டது என்று மக்கள் சொல்லும் வரை அவர் பாங்கு சொல்வதில்லை. கணனிக்கும் கண்ணில்லை சகோதரி.

அயல் வீட்டாருக்கு மறைக்க வேண்டாம். சாலையில் நின்று சொல்லக் கூச்சமாக இருந்தால், ஓத வரும் பிள்ளைகளிடம் திகதிகளையும் சரியான ஸுபஹ் நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். மேலே சொன்ன கழா விபரத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள்.