கொழுந்தின் பாதையை நாமே வரைவோம்



கொழும்பு ஏலத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலைக்கு விலை இறங்கினால், அந்தச் செய்தி எப்படி மலைக்கு வந்து சேர்கிறது என்று நமக்கெல்லாம் தெரியும். தரகர் கம்பனிக்கு எழுதுகிறார். கம்பனி பெரிய துரையைக் கேட்கிறது. பெரிய துரை டீமேக்கரைக் கேட்கிறார். டீமேக்கர் "கொழுந்து சரியில்லை" என்கிறார். பெரிய துரை சின்னத்துரையைப் பிடிக்க, அவர் கங்காணியைப் பிடிக்கிறார். கங்காணி மலைக்கு வந்து, கூடையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். அவளுக்குக் கீழே கேட்பதற்கு ஆளில்லை. ஆகவே குற்றம் அவளிடமே தங்கிவிடுகிறது. அடுத்த நாள் நிறுவையில் இரண்டு கிலோ வெட்டு விழுகிறது.

கொழுந்து உண்மையில் எந்த இடத்தில் கெட்டது என்று இத்தனை பேரில் ஒருவராவது போய்ப் பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். ஏனென்றால், செடியிலிருந்து மூடை வரை கொழுந்து போகும் பாதையை யாரும் முழுமையாக எழுதி வைக்கவில்லை. பாதை எழுதப்படாத இடத்தில் பழி எப்போதும் கடைசி ஆளின் தலையில்தான் விழும்.

இந்தப் பாதையை எழுதுவதற்கு நிர்வாகத்தார் வைத்திருக்கும் பெயர் 'வேலைப் படிமுறை வரைபடம்'. பெயர்தான் பெரிது, விஷயம் எளியது. ஒரு வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் என்னென்ன படிகள், ஒவ்வொரு படியிலும் யார் என்ன செய்கிறார், எவ்வளவு நேரம் போகிறது, அடுத்த படிக்கு எந்த நிலையில் கையளிக்கப்படுகிறது என்று ஒரே தாளில் எழுதுவதுதான் அது. தரத்தைக் கூட்ட நினைப்பவர்கள் உலகெங்கும் முதலில் செய்வது இதைத்தான். எந்தப் படியில் பிழை என்று தெரியாமல் எந்தப் பிழையையும் திருத்த முடியாது.

நம் வேலையை அப்படி எழுதிப் பார்ப்போம்.

பறித்த பின்னும் கொழுந்து உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, அதனால் சூடு பிறக்கிறது. தளர்வாகக் கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சாக்கில் அமுக்கி அடைத்தால் சூடு உள்ளேயே நின்று கொழுந்தை அவிக்கும். நசிந்த இலை சிவந்துபோகும். ஸ்டோரில் அரைத்த பிறகு நடக்க வேண்டிய நொதிப்பு சாக்குக்குள்ளேயே தொடங்கிவிடும். அப்படிச் சிவந்த கொழுந்தை எத்தனை கெட்டிக்கார டீமேக்கராலும் திரும்பப் பச்சையாக்க முடியாது. ஒரு கிலோ தேயிலை செய்ய நான்கரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே சாக்குக்குள் கெடுவது கொஞ்ச நஞ்சமல்ல.

இப்போது கடிகாரத்தைப் பார்ப்போம். ஒரு சகோதரி காலை 8 மணிக்குப் பறிக்கத் தொடங்கிய கொழுந்து 10 மணிக்கு நிறுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். லொறி 11.30க்கு வருகிறது. இன்னும் இரண்டு டிவிஷனில் ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போகும்போது 1.30 ஆகிறது. அங்கே வாட்டல் தொட்டியில் முந்திய கொழுந்து இன்னும் எடுபடவில்லை. சாக்குகள் 3 மணி வரை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மொத்தம் 7 மணித்தியாலம். அதில் கொழுந்து அந்தச் சகோதரியின் கூடையில் இருந்தது 2 மணித்தியாலம் மட்டுமே. மீதி 5 மணித்தியாலம் லொறிக்கும் பாதைக்கும் ஸ்டோருக்கும் உரியது. ஆனால் கிலோ வெட்டப்படுவது யாருக்கு?

பறிப்பதற்கு முந்திய படிகளையும் எழுத வேண்டும். ஒரு மலையில் பறித்துவிட்டு மீண்டும் அதே மலைக்கு ஏழெட்டு நாளில் திரும்பினால்தான் இரண்டு இலையும் ஒரு மொட்டும் இளசாகக் கிடைக்கும். ஆள் குறைந்த தோட்டங்களில் அந்த ரவுண்ட் பன்னிரண்டு, பதினைந்து நாளாக நீள்கிறது. அதற்குள் இலை முற்றிவிடுகிறது. புல் வெட்டாத மலையில் ஆள் நடக்கவே பாதையில்லை. 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது செடி எப்படி வாடியது, கொழுந்து எப்படிக் குறைந்தது என்பதை நம் கைகளே அறியும். இவற்றில் எதையும் கொழுந்து பறிப்பவர் தீர்மானிக்கவில்லை. ஆனால் இவை எல்லாவற்றின் விளைவும் அவர் கூடையில்தான் வந்து விழுகிறது.

இன்னொரு முரணும் உண்டு. "இளங்கொழுந்து மட்டும் எடு" என்கிறது நிர்வாகம். அதே வாயால் "இத்தனை கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்" என்றும் சொல்கிறது. ரவுண்ட் நீண்டுபோன மலையில் இந்த இரண்டு கட்டளைகளையும் ஒரே கையால் நிறைவேற்ற முடியாது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் ஊடாக நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்ட பின், பல தோட்டங்களில் கிலோ கூட்டப்பட்டதையும் எட்டாதவர்களுக்கு அரைப்பேர் போடப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. கிலோவைக் கூட்டிவிட்டுத் தரம் குறைந்தது ஏன் என்று கேட்பது என்ன நியாயம்?

ஸ்டோரிலும் இதே கதைதான். வாட்டலுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். இரவு முழுவதும் காற்றையும் சூட்டையும் பார்த்து, கொழுந்தைக் கிளறிவிட வேண்டும். அரைத்த பின் நொதிப்பில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. காய வைக்கும்போது ஈரம் ஏறக்குறைய 3 வீதத்துக்கு இறங்க வேண்டும். கூடினால் பூஞ்சை, சூடு மிஞ்சினால் கருகல். நாலு பேர் செய்த இரவு வேலையை இரண்டு பேரிடம் கொடுத்தால் எந்தப் படியில் தவறும் என்று சொல்லப் படிப்புத் தேவையில்லை.

நம் பக்கத்துத் தவறுகளையும் மறைக்கக் கூடாது. கை நிறைய அமுக்கிப் பிடிப்பது, எடை கூட வேண்டுமென்று முற்றல் இலையைச் சேர்ப்பது, கூடையில் திணிப்பது, மட்டக்கம்பை மறந்து மேலும் கீழுமாகப் பறிப்பது ஆகியவை நம்மிடமும் உண்டு. அவற்றையும் அதே தாளில் எழுதுவோம். உண்மையை முழுவதாக எழுதினால்தான் நம் பேச்சுக்கு மேசையில் மதிப்பிருக்கும். கிலோ பயம் இல்லாத நாளில் இந்தத் தவறுகளில் எத்தனை மிஞ்சும் என்பதையும் அங்கே கேட்கலாம்.

"ஸ்டோர் சுவரில் ஏற்கெனவே வரைபடம் தொங்குகிறதே" என்று சிலர் கேட்பார்கள். உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்காக மாட்டப்பட்ட படம் அது. பெரும்பாலும் அதன் முதல் பெட்டியில் எழுதியிருப்பது 'பச்சைக் கொழுந்து பெறுதல்'. அதாவது, அந்தப் படம் ஸ்டோர் வாசலில்தான் தொடங்குகிறது. மலையும் மடுவமும் லொறியும் அதில் இல்லை. மேலும், 'ஹசப்' எனப்படும் அந்த முறையின் சர்வதேச வழிகாட்டலே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: வரைபடத்தை வரைந்தால் மட்டும் போதாது, வேலை நடக்கும் இடத்துக்கே போய், வேலை நடக்கும்போதே அது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதைச் செய்பவர் அந்த வேலையை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும். அந்த வேலையை நம்மைவிட அறிந்தவர் யார்? உங்கள் ஸ்டோரில் அப்படி ஒப்பிட்டபோது உங்களை யாராவது கூப்பிட்டார்களா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1950இல் ஜப்பானியத் தொழில் முதல்வர்களுக்குப் பாடம் நடத்தியவர் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிபர அறிஞர். தரக்குறைவுகளில் மிகப் பெரும்பாலானவை வேலை அமைக்கப்பட்ட முறையிலிருந்து வருகின்றன, அந்த முறையை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடமே உள்ளது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து. தொழிற்சங்கக்காரர் சொன்னால் கசக்கும் இந்த உண்மையை, முதலாளிகள் மதிக்கும் அறிஞரே சொல்லிவிட்டார்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லர் என்பவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்தார். 1911இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அந்த வழி வேலையைக் கூட்டத்தான் பல இடங்களில் பயன்பட்டது. நாம் எழுதும் தாளும் அப்படித் திருப்பப்படலாம் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே சில நிபந்தனைகளில் நாம் உறுதியாக நிற்க வேண்டும்.

ஒன்று, தாளில் படிகளின் பெயர் இருக்கும், ஆட்களின் பெயர் இருக்காது. இரண்டு, இதை வைத்துக் கிலோவைக் கூட்டவோ எவர்மீதும் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கவோ கூடாது. இது எழுத்தில் வேண்டும். மூன்று, நிர்வாகம் எந்த வரைபடம் வரைந்தாலும் கொழுந்து பறிப்பவரும் ஸ்டோர் தொழிலாளரும் இருக்கும் குழுவே அதைச் சரிபார்க்க வேண்டும். நான்கு, தரம் கூடி ஏலத்தில் விலை கூடினால் அதில் நமக்கும் பங்கு வேண்டும்.

இந்த மாதம் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் ஸ்டோர் தொழிலாளர் ஒருவரும் உட்கார்ந்து, ஒரு கொப்பித் தாளில் படிகளைக் கோடு போட்டு எழுதுங்கள். பிறகு ஒரு கிழமைக்கு நாலு நேரங்களை மட்டும் குறியுங்கள்: நிறுத்த நேரம், லொறி வந்த நேரம், ஸ்டோரை அடைந்த நேரம், தொட்டியில் கொட்டிய நேரம். கையில் போன் இருக்கிறது, அதில் கடிகாரமும் இருக்கிறது. அந்த மலையில் கடைசியாகப் பறித்தது எத்தனை நாளுக்கு முன் என்றும் எழுதுங்கள். நிறுவையில் எவ்வளவு வெட்டினார்கள், என்ன காரணம் சொன்னார்கள், தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்பதையும் சேருங்கள்.

ஒரு கிழமைத் தாள் கையில் இருந்தால் பேச்சே மாறும். "எங்களைக் குறை சொல்லாதீர்கள்" என்று கெஞ்ச வேண்டியதில்லை. "லொறியை ஒரு மணித்தியாலம் முந்தி அனுப்புங்கள், சாக்குகளைக் கூடத் தாருங்கள், மடுவத்துக்குக் கூரை போடுங்கள், ரவுண்டைக் குறைக்க ஆளைச் சேருங்கள்" என்று படி படியாகக் கேட்கலாம். நிர்வாகம் மறுத்தால், தரம் கெடுவது யாரால் என்பதும் அந்தத் தாளிலேயே தெரியும். தாளின் ஒரு பிரதியைச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கும் அனுப்பி வையுங்கள். பல தோட்டங்களின் தாள்கள் ஒன்றுசேர்ந்தால் அது கம்பனிகளோடு பேசும் மேசையில் நம் ஆவணமாகும்.

நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக இந்த மலைகளில் தேயிலை வளர்கிறது. அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று எழுதியவர்கள் எப்போதும் பங்களாவிலும் கொழும்பிலும் இருந்தார்கள். செய்தவர்கள் நாம். இம்முறை எழுதுவதும் நாமாக இருப்போம்.